கையில் அரை மணி நேரம்: எந்த கேமை எங்கே நிறுத்தலாம்?

அரை மணி நேரம்தான் இருக்கிறது, ஒரு கேம் போடலாம் என்று உட்கார்ந்தால் முதலில் பார்க்க வேண்டியது, அந்த கேம் எப்போது சேவ் செய்கிறது என்பதை. கிராபிக்ஸ், கதை, மதிப்பெண் எல்லாம் அதற்குப் பிறகு. ஸ்டார்டியூ வேலி, ஹேடிஸ், ஸ்லே த ஸ்பயர், சிவிலைசேஷன் 6 ஆகிய நான்கையும் இந்த ஒரே அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம். நான்குமே அருமையான கேம்கள். நம் நேரத்தை மட்டும் நான்கு விதமாக நடத்துகின்றன.

2016இல் வந்த விவசாய கேமான ஸ்டார்டியூ வேலியில் ஒரு நாள் காலை 6 மணிக்குத் தொடங்கி நள்ளிரவு தாண்டி 2 மணிக்கு முடியும். கேமின் 10 நிமிடம் நமக்குச் சுமார் 7 விநாடி. கணக்குப் போட்டால் முழு நாளும் 14 நிமிடத்துக்குச் சற்று மேல். அரை மணிக்கு இரண்டு நாள். கச்சிதம்தான், ஆனால் கணினியிலும் கன்சோலிலும் படுக்கையில் படுத்தால்தான் சேவ். மாலை 4 மணி வரை விதை ஊன்றி, தண்ணீர் விட்டு, மீனும் பிடித்துவிட்டுச் சட்டென்று கேமை மூடினால் எல்லாம் போச்சு. மறுபடி திறக்கும்போது அதே நாள், அதே காலை 6 மணி.

ஆகவே இடையில் எழ வேண்டியிருந்தால் வீட்டுக்கு ஓடிப் படுத்துவிடுங்கள். நண்பகலிலேயே படுத்தாலும் கேம் மறுக்காது. மீதி நாள் போகும், செய்த வேலை சேவ் ஆகி நிலைக்கும். வருமானக் கணக்கு வந்து, சேவ் முடிந்து, மறுநாள் காலை தெரியும்வரை காத்திருந்து மூட வேண்டும். சுரங்கத்துக்குப் போகும் நாளில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். லிஃப்ட் ஐந்து தளத்துக்கு ஒன்றாகத்தான் திறக்கும். 43ஆம் தளத்திலிருந்து மேலே ஏறி வந்துவிட்டால் அடுத்த முறை மறுபடி 40இலிருந்து இறங்க வேண்டும். 'இன்னும் இரண்டு தளம்' என்று இழுப்பது அங்கிருந்துதான் வருகிறது. 2 மணிக்கு வெளியே மயங்கி விழுந்தால் கையிருப்பில் 10 சதவீதம், அதிகபட்சம் 1,000 தங்கம் போகும். நேரமே இல்லாதபோது அந்த இழப்பை ஏற்றுக்கொள்ளலாம், ஏனென்றால் மயங்கினாலும் நாள் முடிந்து சேவ் ஆகிவிடும். தனியாக ஆடும்போது மெனுவைத் திறந்தால் கடிகாரம் நிற்கும். நண்பர்களோடு ஆடும்போது நீங்கள் மட்டும் மெனுவைத் திறந்தால் நிற்காது.

ஹேடிஸ் இந்த விஷயத்தில் தாராளம். 2020 செப்டம்பரில் முழு வடிவில் வெளிவந்த, அறை அறையாகச் சண்டை போட்டு முன்னேறும் இந்த கேம் ஒவ்வோர் அறைக்குள் நுழையும்போதும் சேவ் செய்கிறது. சண்டையின் நடுவே வெளியேறினால் அந்த அறையின் தொடக்கத்துக்கே திரும்புவோம், உள்ளே வந்தபோது இருந்த அதே உயிரளவோடு. அறையை முடித்து, பரிசாகக் கிடைக்கும் சக்தியான வரத்தையும் வாங்கிவிட்டால் அடுத்த கதவைத் தாண்டி ஓர் அடி வைத்துவிட்டு வெளியேறுங்கள். அப்போதுதான் முடித்த அறை முடிந்ததாகவே இருக்கும். நான்கு பகுதிகளையும் கடந்து இறுதிவரை போகும் ஒரு ரன், அதாவது தொடக்கத்திலிருந்து ஒரு முழு முயற்சி, கைதேர்ந்தவர்களுக்கு அரை மணி நேரத்துக்குச் சற்று முன்பின். புதியவர்கள் முதல் பகுதியிலேயே செத்துப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் கேமின் தொடக்க இடமான வீட்டுக்கே திரும்புவார்கள். அதுவே நல்ல நிறுத்துமிடம்.

வாரத்துக்கு இரண்டு முறை மட்டும் ஆடுபவர்கள் காட் மோடை அமைப்புகளில் போட்டுவிடுவது நல்லது. வாங்கும் அடியில் 20 சதவீதத்தை முதலிலேயே குறைத்து, ஒவ்வொரு சாவுக்கும் 2 சதவீதம் கூட்டி, 80 வரை போகும். கதை அப்படியே முழுமையாகக் கிடைக்கும். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. கை வேகத்துக்குத் தினசரிப் பழக்கம் வேண்டும், அந்த நேரம் எல்லோரிடமும் இல்லை.

இந்த நான்கில் அரை மணிக்காரர்களுக்கு என் தேர்வு, கார்டுகளை வைத்துச் சண்டை போடும் ஸ்லே த ஸ்பயர். முழு ரன் ஒரு மணி நேரத்தைத் தாண்டும் என்றாலும் துண்டு துண்டாக ஆட இதைவிடப் பொருத்தமானது இங்கே இல்லை. நாமும் எதிரியும் மாறி மாறி ஆடும் டர்ன் முறை என்பதால் கடிகாரமே கிடையாது. அடுப்பை அணைக்க எழுந்து போனாலும் எதிரி காத்திருப்பான். வரைபடத்தில் வழி முழுவதும் முன்பே தெரிவதால், 'அடுத்த நெருப்பிடம் (ஓய்விடம்) வரை, இன்னும் மூன்று அறை' என்று எண்ணி ஆடலாம். சண்டை நடுவே வெளியேறினால் அந்தச் சண்டை முதலிலிருந்து தொடங்கும், அதே கார்டுகள் அதே வரிசையில் கையில் வரும். தோற்கப்போகும் சண்டையை இப்படித் திரும்ப ஆடிப் பழகினால் ஆட்டத்தின் உயிரே போய்விடும். நிறுத்தத்தைச் சண்டை முடிந்த பிறகே வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு குறை, நான்கு நாள் கழித்துத் திறக்கும்போது எதை நம்பி அந்த டெக்கை, அதாவது கார்டுக் கட்டைக் கட்டினோம் என்பது மறந்திருக்கும். விஷமா, கவசமா? மேல் மூலையில் டெக்கைத் திறந்து, ரெலிக்குகளை (ரன் முழுதும் கூடவே வரும் உதவிப் பொருள்களை) ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு முதல் கார்டைப் போட்டால் போதும்.

ஒரு நாகரிகத்தைக் கட்டி வளர்க்கும் சிவிலைசேஷன் 6 தானாகவே ஆட்டோசேவ் செய்யும். அமைப்புகளில் இடைவெளியை 1 டர்ன் என்று வைத்தால் ஒரு டர்ன்கூட வீணாகாது. அந்த வகையில் நான்கிலும் மிகப் பாதுகாப்பானது. ஆனாலும் எழுந்திருக்க முடியாத கேம் இதுதான். குடியேறிகள் இரண்டு டர்னில் தயார், ஆராய்ச்சி ஒரு டர்னில் முடியும், உலக அதிசயத்துக்கு ஐந்து டர்ன். ஒன்று முடியும்போது இன்னொன்று பாதியில் இருக்கும்படி எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. எல்லாமே முடிந்த டர்ன் என்று ஒன்று வருவதே இல்லை. ஆகவே டர்னை எண்ணி நிறுத்தலாம் என்று நினைக்க வேண்டாம். போனில் அலாரம் வைத்துவிட்டு, அடித்ததும் அந்த டர்னோடு மூடுங்கள்.

சாதாரண வேகத்தில் ஓர் ஆட்டம் 500 டர்ன், ஆன்லைன் வேகத்தில் 250. தனியாக ஆடினாலும் அந்த வேகத்தைத் தேர்ந்தெடுக்கலாம். வரைபடத்தை 'டைனி' அளவில் வைத்தால் மொத்தம் 4 நாகரிகங்கள்தான், கணினி தன் டர்னை யோசிக்கும் காத்திருப்பும் குறையும். மூடுவதற்கு முன் வரைபடக் குறிகளைப் பயன்படுத்துங்கள். மலையடிவாரக் கட்டத்தில் ஒரு குறி குத்தி 'இங்கே கேம்பஸ்' (ஆராய்ச்சிக்கான பகுதி) என்று பெயர் எழுதி வைத்தால், ஒரு வாரம் கழித்து வந்தாலும் பழைய திட்டம் அங்கேயே இருக்கும்.

ஆன்லைன் கேம்களில் சேவ் என்ற பேச்சே இல்லை. கார்களை வைத்துப் பந்தாடும் ராக்கெட் லீக் மேட்ச் 5 நிமிடம். கடிகாரம் பூஜ்யம் ஆனாலும் பந்து தரையைத் தொடும்வரை ஆட்டம் ஓடும், சமநிலை என்றால் கூடுதல் நேரத்துக்கு வரம்பில்லை. கடைசி மேட்சைத் தொடங்கும்போது கையில் பத்து நிமிடமாவது இருக்கட்டும். ஐவர் ஐவராக மோதும் டோட்டா 2 அரை மணிக்குள் அடங்காது. நடுவில் போனால் உங்கள் அணியில் ஆடும் மற்ற நால்வரின் மாலையும் கெடும்.

கையடக்கக் கருவிகளில் ஸ்லீப் மோட் இருக்கிறதே, எங்கும் நிறுத்தலாமே என்று தோன்றும். ஸ்லீப்பில் இருப்பது சேவ் ஆனதாக அர்த்தமில்லை. ஸ்டார்டியூவை மாலை 4 மணியில் உறங்க வைத்து, பேட்டரி முழுவதும் இறங்கினால் அந்த நாள் போய்விடும். கேமை மூடாமல் உறங்க வைத்தால் கிளவுட் சேவும் (இணையத்தில் வைக்கப்படும் சேவ் பிரதி) மேலே ஏறாமல் நிற்கலாம். பிறகு கணினியில் அதே கேமைத் திறந்து ஆடினால் இரண்டு சேவ்கள் மோதி, எதை வைத்துக்கொள்வது என்று கேட்கும். அப்போது தேதியையும் நேரத்தையும் பார்க்காமல் எந்தப் பட்டனையும் அழுத்தாதீர்கள், தேர்ந்தெடுக்காதது அழிந்துவிடும்.