நரம்பு முகட்டுச் செல்கள்: ஊட்டுசெல் வழியா, சிர் வழியா?

நரம்புக்குழாயின் விளிம்பிலிருந்து பிரிந்து நெடுந்தூரம் நகர்ந்து, முக எலும்பாகவும் தோலின் நிறமிச் செல்லாகவும் குடலின் நரம்பு வலையாகவும் மாறும் நரம்பு முகட்டுச் செல்கள், மனிதக் கருவில் மூன்றாம், நான்காம் வாரங்களில் தோன்றுவதால் அவற்றை நேரில் பார்க்க வழியில்லை. எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடிய குருத்தணுக்களைத்தான் ஆய்வகத் தட்டில் அவ்வாறு மாற்றியாக வேண்டும். அதற்கு ஊட்டுசெல்களின் மேல் வளர்ப்பது, சிர் என்னும் வேதிப்பொருளைக் கொடுப்பது என இரண்டு வழிகள் உண்டு. கோலாலம்பூரில் நான் பணிபுரியும் ஆய்வகத்தில் இரண்டையும் கையாண்டபின் இரண்டாவதையே வைத்துக்கொண்டோம். ஆகவே இந்த அலசல் அதன் பக்கமே சாயும்.

முதல் வழி 2007இல் வெளியானது. பிற செல்கள் வளர உதவும் பொருள்களைச் சுரக்கும், சுண்டெலியின் எலும்பு மஜ்ஜை ஊட்டுசெல்களின் மேல் குருத்தணுக்களை வளர்த்து, அவை ரோசெட்டுகளாக, அதாவது பூவிதழ் போன்ற வட்டங்களாகத் திரண்ட பிறகு, பி75, எச்என்கே1 என்னும் மேற்பரப்பு அடையாளங்கள் கொண்டவற்றைப் பிரித்தெடுக்க வேண்டும். வாரக்கணக்கில் ஆகும். இரண்டாவது வழியில் சிர்99021 (சுருக்கமாகச் சிர்) என்னும் சிறு மூலக்கூறு ஜிஎஸ்கே3 நொதியைத் தடுக்க, சிதைந்திருக்க வேண்டிய பீட்டா கேட்டனின் என்னும் புரதம் சேர்ந்து உட்கருவுக்குள் சென்று விண்ட் சமிக்ஞைக்குரிய மரபணுக்களை இயக்குகிறது. ஏறக்குறைய ஐந்து நாளில் நரம்பு முகட்டுச் செல்லின் அடையாளமான சாக்ஸ்10 தலைகாட்டிவிடும்.

வேகத்தைவிட எங்களுக்கு முடிவைத் தந்தது பராமரிப்பே. ஊட்டுசெல்களைத் தனியாக வளர்த்து, மைட்டோமைசின் என்னும் மருந்து கொடுத்துப் பெருக்கத்தை நிறுத்தி, நன்றாகக் கழுவிய பிறகே பயன்படுத்தலாம். அவை என்னென்ன சுரக்கின்றன என்பது முழுதாகத் தெரியாததால், ஒரு தட்டு பிசகினால் வளர்ப்புத் திரவத்தில் சேர்க்கும் சீரத்தைக் குறைசொல்வதா, ஊட்டுசெல்லின் வயதைக் குறைசொல்வதா என்றே விளங்காது. நோன்புப் பெருநாளானாலும் தீபாவளியானாலும் அவற்றுக்காக ஒருவர் வந்தாக வேண்டும். சிர் தூளோ டிஎம்எஸ்ஓ என்னும் கரைப்பானில் கரைந்து உறைபெட்டியில் காத்திருக்கும். விடுமுறை முடிந்த திங்களன்று தொடங்கினால் போதும்.

ஆனால் அளவில் சிர் மன்னிக்காது. குறைந்தால் பாக்ஸ்6 என்னும் அடையாளம் காட்டும் நரம்புத் திசுவும், கூடினால் பிரேக்கியூரி என்னும் அடையாளம் காட்டும் இடைப்படைச் செல்களுமே மிஞ்சும். சரியான அளவும் செல்வரிசைக்குச் செல்வரிசை மாறுவதால், பன்னிரண்டு குழித் தட்டொன்றில் படிப்படியாக ஏற்றிப் பார்த்த பின்பே உண்மையான சோதனையைத் தொடங்குகிறோம். செல்கள் தாமே சுரக்கும் பிஎம்பி என்னும் சமிக்ஞைப் புரதமும் ஏறி இறங்கும். அதனால் 2017இல் ஷெஃபீல்டு குழுவினர், அதில் ஒரு வகையான பிஎம்பி4ஐத் தாராளமாகக் கொடுத்து டிஎம்எச்1 என்னும் தடுப்பு மூலக்கூறால் அதன் சமிக்ஞையை அடக்கி, நடுத்தர அளவில் நிறுத்தும் முறையை முன்வைத்தனர். அது பயனுள்ள திருத்தம்தான், குளிர்ப்பெட்டியில் வரவழைத்துப் பேண வேண்டிய புரதம் ஒன்று செலவில் சேர்கிறது என்பதைத் தவிர.

என் கைப்பழக்கம், உடலில் எந்த இடம் என்பதைக் குறிக்கும் ஹாக்ஸ் மரபணுக்கள் இயங்காத தலைப்பகுதிச் செல்களோடு நிற்கிறது. உடற்பகுதிச் செல்கள் வேறு முன்னோடிகளின் வழியே உருவாகின்றன என்பதால், என் தீர்ப்பை அங்கே நீட்ட மாட்டேன்.