ஹெல்மெட் வீடியோவுக்குள் அப்பாவின் போட்டோ: டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பு

கல்லணையிலிருந்து பூம்புகார் வரை காவிரிக்கரையோடு பைக்கில் போனதை ஹெல்மெட்டில் மாட்டிய கோப்ரோ கேமராவில் எடுத்திருந்தேன். போனில் எடுத்த போட்டோக்களும் நிறைய. இரண்டையும் ஒரே வீடியோவாகக் கோக்க டாவின்சி ரிசால்வ் என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பே போதும். வாட்டர்மார்க் விழாது, 4கே வரை எக்ஸ்போர்ட் ஆகும்.

முதலில் ஒரு எச்சரிக்கை. வரிசை எண் உள்ள போட்டோக்களை மீடியா பக்கத்தில் திறந்தால் அத்தனையையும் ஒரே கிளிப்பாகச் சுருட்டிக் காட்டும். படங்கள் எங்கேயும் போகவில்லை. மூன்று புள்ளி மெனுவில் ஃப்ரேம் டிஸ்ப்ளே மோடை இண்டிவிஜுவல் என்று மாற்றுங்கள், தனித்தனியாக வந்துவிடும். கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் டைம்லைனில் போட்டால் ஒவ்வொன்றும் 5 நொடி நிற்கும். ஓடும் வண்டிக்கு நடுவே அது ரொம்ப நீளம். பாதியாக வெட்டினால் சரியாக இருக்கும்.

எந்த இடத்தில் போட்டோவை நுழைப்பது என்பதுதான் பெரிய வேலை. பைக் ஓடும்போது திடீரென்று படம் நின்றால் வீடியோ சிக்கிவிட்டது போலத் தெரியும். தாராசுரத்தில் வண்டியை நிறுத்தி ஸ்டாண்டு போடும் இடத்தில் வெட்டினேன். அடுத்தது கல் தேர்ச்சக்கரத்தின் போட்டோ. வீடியோவின் சத்தத்தை மட்டும் அறுக்காமல் அடியில் ஓடவிட்டேன், கோயில் கிளிகள் கத்திக்கொண்டே இருந்தன. டைனமிக் ஜூமை ஆன் செய்து பச்சைக் கட்டத்தில் ஆரம்பம், சிவப்பில் முடிவு என்று வைத்தால் படம் மெதுவாக நகரும்.

நடுவில் தஞ்சாவூருக்குத் திரும்பினோம். பெரிய கோயிலின் 216 அடி விமானத்தைப் போனை நிமிர்த்திப் பிடித்துத்தானே எடுக்க முடியும்? அப்படி எடுத்தால் இரண்டு பக்கமும் கறுப்பு விழும். அதே படத்தை மங்கலாக்கிப் பின்னால் ஒட்டும் வழக்கம் எனக்குப் பிடிக்காது, கல்யாண வீடியோ மாதிரி இருக்கும். அகலம் நிறையும்வரை பெரிதாக்கி, எந்த நொடியில் படம் எங்கே இருக்க வேண்டும் என்று பொசிஷனில் கீஃப்ரேம் வைத்துக் கீழிருந்து மேலே ஏற்றினேன். போட்டோவின் அகலம் 3000 பிக்சல், 1080 டைம்லைனுக்கு 1920 போதும் என்பதால் உடையவில்லை. 4கே டைம்லைன் என்றால் 3840 வேண்டும், அப்போது இழுத்த மாதிரி ஆகிவிடும்.

அப்பா கல்யாணமான புதிதில் கல்லணைப் பாலத்தில் நின்று எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றும் சேர்த்தேன். அடியில் உள்ள வீடியோ தெரியும்படி அதன் ஒபாசிட்டியைப் பாதியாக்கி, கைப்பிடிச் சுவரின் கோடு வீடியோவோடு பொருந்தும்வரை நகர்த்தினேன். கோப்ரோவில் அந்த இடத்தை, கோடுகளை வளைக்காத லீனியர் மோடில் எடுத்திருந்ததால்தான் பொருந்தியது. அகலமாகப் பிடிக்கும் வைடு மோடில் எடுத்தால் சுவர் வில்லாக வளையும், அதை நிமிர்த்தும் லென்ஸ் கரெக்‌ஷன் காசு கொடுத்து வாங்கும் ஸ்டுடியோ பதிப்பில்தான் உண்டு. கலர் பக்கத்தில் நிற அடர்த்தியை, அதாவது சாச்சுரேஷனைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, வீடியோ வெளுத்ததும் ஒன்று மங்க மற்றது தெளியும் கிராஸ் டிசால்வ். அம்மா பார்த்துவிட்டு, "அப்போ உங்கப்பாவுக்குத் தொப்பை இல்லை பாரு" என்றார். டெக்னிக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

8 ஜிபி ராம் லேப்டாப்பில் 4கே கிளிப்புகள் திணறும், எடிட் செய்ய மட்டும் ப்ராக்ஸி என்ற இலகுவான நகல் போட்டுக்கொள்வது நல்லது. ஆண்ட்ராய்டு போனிலேயே வெட்டி ஒட்ட நினைப்பவர்கள் வேறு செயலி பார்க்க வேண்டியதுதான். கம்ப்யூட்டரை விட்டால் ரிசால்வ் ஐபேடில்தான் ஓடும்.