இன்ஜினியரிங் மாணவருக்கு அக்கவுண்ட்ஸ் பாடம்: பல வருடம் பயன்படுத்திய பிறகு

நண்பர் ஒருவர் போனில் கேட்டார்: "பொண்ணு மெக்கானிக்கல் மூணாவது வருஷம். ஓபன் எலெக்டிவ்ல அக்கவுண்ட்ஸ் இருக்குதாம். எடுக்கச் சொல்லட்டுமா? நீ படிச்சவன்தானே, சொல்லுப்பா." அப்போது சொன்ன பதில் அவருக்கும் போதவில்லை, எனக்கும் போதவில்லை. அதனால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

காமர்ஸ் படிக்காதவர்களுக்கு வைக்கும் அறிமுகப் பாடத்தில் என்னென்ன வரும் என்பது தெரிந்ததுதான். எதை எந்தப் பக்கம் எழுதுவது என்று சொல்லும் மூன்று கோல்டன் ரூல்ஸ், நடந்ததை வரிசையாகப் பதியும் ஜர்னல், அதைக் கணக்குவாரியாகப் பிரிக்கும் லெட்ஜர், இரண்டு பக்கக் கூட்டுத்தொகையும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் டிரயல் பேலன்ஸ், வருடக் கடைசியில் போடும் ஃபைனல் அக்கவுண்ட்ஸ், மெஷின் போன்றவற்றின் விலையை வருடாவருடம் செலவாகக் கழிக்கும் தேய்மானம், கடைசியில் நாலு ரேஷியோ. நான் மெக்கானிக்கல் படிக்கும்போது இதை எடுத்தேன். இன்று கோவையில் பம்பு உதிரிபாகங்களுக்கு ஜாப் ஒர்க் செய்யும் ஒரு சின்ன யூனிட்டில் உற்பத்தியோடு சேர்த்து வரவு செலவையும் பார்க்கிறேன். நான் படித்த மற்ற எலெக்டிவ்களில் எதுவும் இந்த அளவுக்குக் கைகொடுக்கவில்லை.

பெரிய சந்தோஷம் கிடைத்தது நான் நினைத்துப் பார்க்காத இடத்தில்: பேங்க் ரீகன்சிலியேஷன். பரீட்சையில் எட்டு மார்க்குக்கு வரும் சின்னத் தலைப்பு. நம் ரொக்கப் புத்தகம் ஒரு தொகை சொல்லும், பாங்க் ஸ்டேட்மென்ட் வேறு தொகை சொல்லும். இடையில் உள்ள வித்தியாசத்துக்கு ஒவ்வொரு ரூபாயாகக் காரணம் காட்ட வேண்டும். நாம் கொடுத்த செக் இன்னும் பாங்குக்குப் போகவில்லை, பாங்க் பிடித்த சார்ஜ் நம் புத்தகத்தில் ஏறவில்லை, வாடிக்கையாளர் நேராக அனுப்பிய பணம் யார் பெயரிலும் வரவு வைக்காமல் கிடக்கிறது. மாதக் கடைசியில் இதை முடித்துவிட்டால் மனதுக்கு வரும் நிம்மதி தனி. கணக்கில் மற்ற எல்லாம் நாமே எழுதியது. இது ஒன்றுதான் வெளியாள் எழுதிய தாளோடு நம் தாளை வைத்துப் பார்ப்பது. சத்யம் என்ற ஐடி கம்பெனியின் தலைவர் 2009 ஜனவரி 7 அன்று எழுதிய கடிதத்தை இந்தத் தலைப்போடு சேர்த்துப் படிக்க வேண்டும். புத்தகத்தில் காட்டிய 5,361 கோடி ரூபாய் ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி இல்லாத பணம் என்று அதில் ஒப்புக்கொண்டார். இந்த எட்டு மார்க் கணக்கு எவ்வளவு கனமானது என்று அதைப் படித்தபோதுதான் புரிந்தது.

தேய்மானமும் நன்றாகவே உதவியது. 20 லட்சத்துக்கு வாங்கிய சிஎன்சி மெஷினுக்கு ஒவ்வொரு வருடமும் மிச்சமுள்ள மதிப்பில் 15 சதவீதம் கழிக்கும் குறைந்துசெல் மதிப்பு முறையில் முதல் வருடம் 3 லட்சம், அடுத்த வருடம் 2.55 லட்சம். ஒரு பீஸுக்கு என்ன ரேட் சொல்வது என்று உட்காரும்போது கரண்ட், கூலி, டூல் செலவோடு இதையும் ஏற்ற வேண்டும். அக்கம்பக்கத்தில் பலர் ஏற்றுவதில்லை. மெஷின் தேய்ந்து மாற்றும் நேரத்தில் கையில் பணம் இருக்காது.

இனி என் கோபத்துக்கு வருகிறேன். எனக்கு நடந்த பாடத்தில் கேஷ் ஃப்ளோ ஸ்டேட்மென்ட்டுக்கு, அதாவது வருடத்தில் கைக்கு வந்த, கையை விட்டுப் போன ரொக்கத்தைக் காட்டும் அறிக்கைக்கு, இடமே இல்லை. ஒரு வகுப்பின் கடைசியில் "இது உங்களுக்கு வேண்டாம், போர்ஷன்ல இல்லை" என்று கடந்து போனார்கள். காமர்ஸ் அல்லாதவனுக்கு முதலில் வேண்டியதே அதுதான்!

ஒரு யூனிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வருட லாபம் 6 லட்சம். அதில் கழித்த தேய்மானம் 3 லட்சம் கையை விட்டுப் போகாத செலவு, திருப்பிக் கூட்டினால் 9 லட்சம். வாடிக்கையாளர்களிடம் நிற்கும் பாக்கி போன மார்ச்சை விட 7 லட்சம் கூடியிருக்கிறது, மிச்சம் 2 லட்சம். மெஷின் லோனில் அசலாகக் கட்டியது 4 லட்சம். அசல் எந்தக் காலத்திலும் லாப நட்டக் கணக்கில் ஏறாது. ஆக, வரிக்கு முன்பே பாங்க் இருப்பு 2 லட்சம் இறங்கிவிட்டது. லாபம் 6 லட்சம் காட்டும் அதே வருடத்தில், அடுத்த வாரச் சம்பளத்துக்கு இருப்புக்கு மேல் எடுக்க பாங்க் விடும் ஓவர்டிராஃப்ட் (ஓடி) கணக்கின் லிமிட்டைத் தொட வேண்டியிருக்கும். குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006 சட்டம் சொல்கிறது. 90 நாள் இழுக்கும் வாடிக்கையாளரிடம் அந்தச் சட்டத்தைக் காட்டி அடுத்த ஆர்டரை இழக்க யாருக்கும் துணிவில்லை. இந்த நிலைமையில் நல்ல ஆர்டர், நல்ல லாபம் என்று இருந்த பட்டறைகள் மூடிப்போனதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய லாப நட்டக் கணக்கில் ஒரு பிழையும் இல்லை.

2013 கம்பெனிச் சட்டப்படி நிதி அறிக்கைகளில் கேஷ் ஃப்ளோவும் சேரும். சிறு கம்பெனிக்கும் ஒருநபர் கம்பெனிக்கும் விலக்கு உண்டு. அதனாலேயே எங்களைப் போன்றவர்களுக்கு யாரும் அதைப் போட்டுத் தருவதில்லை, நாங்களே போட்டுக்கொள்ள வேண்டும். அதைக் கற்றுத்தராமல் ஒரு செமஸ்டரில் பாதியை ஜர்னல் என்ட்ரிக்குச் செலவழிக்கிறார்கள். சாஃப்ட்வேர் போடும் வேலையை ரூல்ட் பேப்பரில், ஒவ்வொன்றுக்கும் விளக்க வரியாக நரேஷன் எழுதி, ஸ்கேலால் கோடு இழுத்து! டிரயல் பேலன்ஸ் டேலி ஆனால் முழு மார்க். ரிப்பேர் செலவைச் செலவாகக் காட்டாமல் மெஷின் என்ற சொத்துக் கணக்கில் எழுதினாலும் அது டேலி ஆகும், லாபம் மட்டும் பொய்யாக ஏறி நிற்கும் என்பதை யாரும் அழுத்திச் சொல்லவில்லை.

நியாயமாகவும் பேச வேண்டும். எங்களுக்கு எடுத்த ஆசிரியை நன்றாக எடுத்தார். கையால் எழுதியதால்தான் இன்று கணக்குப் பிள்ளை காட்டும் திரையில் எந்த எண் எங்கிருந்து வந்தது என்று என்னால் பின்னோக்கிப் போக முடிகிறது. 1494-இல் வெனிஸில் இத்தாலியக் கணித அறிஞர் பாச்சோலி அச்சிட்டுத் தந்த, ஒவ்வொரு வரவு செலவையும் இரண்டு இடத்தில் எழுதும் இரட்டைப் பதிவு முறை இன்றும் அப்படியே ஓடுகிறது என்பது எனக்கு இன்றும் வியப்புதான். சொத்து ஒரு பக்கம், கடனும் உரிமையாளர் போட்ட முதலும் மறுபக்கம் என்ற சமன்பாட்டை முதல் வகுப்பிலேயே வைத்திருந்தால் கணக்கு தெரிந்த இன்ஜினியரிங் பிள்ளைகள் டெபிட், கிரெடிட்டை ஒரே வாரத்தில் பிடித்துக்கொள்வார்கள். விதியை மனப்பாடம் செய்வதில் முதல் மாதம் போயிருக்காது.

இத்தனை நல்லது சொல்லிவிட்டும், இந்த வடிவத்தில் எடுக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். சிலபஸில் கேஷ் ஃப்ளோ தனித் தலைப்பாக இருந்து, அதற்கு நாலைந்து வகுப்பாவது ஒதுக்கியிருந்தால் யோசிக்காமல் சேரட்டும். இல்லையென்றால் தமிழக அரசின் பதினோராம் வகுப்பு கணக்குப்பதிவியல் பாடநூல் தமிழிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. தேய்மானமும் வங்கிச் சரிகட்டும் பட்டியலும் அதிலேயே உண்டு, விடுமுறையில் முடித்துவிடலாம். கூடவே பங்குச்சந்தையில் உள்ள ஏதாவது ஒரு பம்பு கம்பெனியின் ஆண்டறிக்கையை இறக்கி, லாபம் எவ்வளவு, செயல்பாட்டில் வந்த ரொக்கம் எவ்வளவு என்று ஐந்து வருடத்துக்கு எழுதிப் பார்க்கட்டும். சந்தேகம் வந்தால் எனக்குப் போன் செய்யச் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை என்றால் நிதானமாகப் பேசலாம்.