சொறி படம் போட்ட உபுண்டு: பெயரா, எண்ணா?

கடலூர் முதுநகரில் மீனுக்கு ஐஸ் விற்கும் கடை ஒன்றின் கணினி மக்கர் செய்தது. அதில் இருந்தது உபுண்டு என்ற இயங்குதளம். அதன் ஒவ்வொரு பதிப்புக்கும் ஓர் எண்ணும் ஒரு விலங்குப் பெயரும் உண்டு. "எந்த உபுண்டு போட்டிருக்கிறீர்கள்?" என்று தொலைபேசியில் கேட்டேன். "நம்பர் தெரியாது தம்பி, திரையில் சொறி படம் இருக்கிறது" என்றார் கடைக்காரர். கரையோரத்தில் ஜெல்லி மீனுக்குச் சொறி என்றுதான் பெயர். புரிந்துவிட்டது: 22.04, 'ஜாமி ஜெல்லிஃபிஷ்'.

அன்று பெயர்தான் கைகொடுத்தது. ஆனாலும் என் ஓட்டு எண்ணுக்கே. உபுண்டுவின் எண் ஒரு தேதி, 22.04 என்றால் 2022 ஏப்ரல். அது நீண்டகால ஆதரவுப் பதிப்பு என்பதால் ஐந்தாண்டு கூட்டினால் போதும், 2027 வரை வழக்கமான பராமரிப்பு உண்டு என்று விரல்விட்டே சொல்லிவிடலாம். 2006இல் ஏப்ரலில் வரவேண்டிய பதிப்பு இரண்டு மாதம் தள்ளிப்போனது, எண்ணும் 6.06 ஆயிற்று. தாமதத்தை ஒளித்துவைக்கத் தெரியாத எண்!

இன்னொரு இயங்குதளமான டெபியன் நேர் எதிர். பொம்மைப் படமான 'டாய் ஸ்டோரி'யின் பாத்திரங்கள்தான் அங்கே பெயர்கள். டெபியன் திட்டத்தின் அன்றைய தலைவர் புரூஸ் பெரன்ஸ், அந்தப் படத்தை எடுத்த பிக்ஸாரில் வேலை பார்த்தவர். 10 பஸ்டர், 11 புல்ஸ்ஐ, 12 புக்வோர்ம். மூன்றும் ஆங்கிலத்தில் 'பி'யில் தொடங்குபவை. அகரவரிசைப்படி அடுக்கினால் புதியது முதலிலும் பழையது கடைசியிலும் வந்து நிற்கும். புதிதாக வேலைக்கு வரும் பையன் குழம்பாமல் என்ன செய்வான்?

எண்ணாலும் டெபியன் சூடுபட்டிருக்கிறது. 1995இல் ஒரு குறுந்தகடு நிறுவனம், முடியாத பதிப்பை 1.0 என்று அச்சிட்டு விற்றுவிட்டது. குழப்பம் வேண்டாமென்று உண்மையான வெளியீட்டுக்கு 1.1 என்று எண் கொடுத்தார்கள். டெபியனில் பெயருக்கு இன்னொரு பயனும் உண்டு: மென்பொருளை எங்கிருந்து எடுப்பது என்று சொல்லும் பட்டியலில் 'ஸ்டேபிள்' (அப்போதைய நிலையான பதிப்பு) என்று எழுதிவைத்தால், புதிய பதிப்பு வந்ததும் அடுத்த மேம்படுத்தல் அதற்குத் தாவிவிடும். 'புக்வோர்ம்' என்று எழுதினால் இருந்த இடத்திலேயே இருக்கும். சர்வர் வைத்திருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

ஆண்ட்ராய்டு இனிப்புப் பெயர்களை 2019இல், பத்தாம் பதிப்போடு கைவிட்டது. உலகெங்கும் அவை விளங்கவில்லை, சில மொழிகளில் 'எல்', 'ஆர்' ஒலிகளே வேறுபடுவதில்லை என்று கூகுள் காரணம் சொன்னது. ல, ள, ழ-வோடு தினமும் மல்லுக்கட்டும் நமக்கு இது புரியாதா என்ன?

"புயலுக்கெல்லாம் பெயர்தானே நிற்கிறது?" என்று நண்பர் ஒருவர் மடக்கினார். உண்மைதான். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த 'தானே'யை யாரும் தேதியால் சொல்வதில்லை. 2024இல் புதுச்சேரி அருகே கடந்த 'ஃபெஞ்சல்' அதற்குப் பின் வந்தது என்பதும் எங்களுக்குத் தெரியும், இரண்டிலும் நனைந்தவர்கள் என்பதால். பஸ்டரிலும் புல்ஸ்ஐயிலும் நனைந்தவர்கள் எத்தனை பேர்?

பழுது சரியானதும், 22.04 என்று எழுதிக் கணினிப் பெட்டியில் ஒட்டிவைக்கச் சொன்னேன். அடுத்த வாரம் போய்ப் பார்த்தால், ஸ்கெட்ச் பேனாவில் 'சொறி 22.04' என்று எழுதி ஒட்டியிருந்தார்.