புகைபோக்கிக் குழாய் போடுகிறவர்கள் உள்ளே என்ன திணிக்கிறார்கள் என்று பக்கத்தில் நின்று பாருங்கள்

ஏர்வாடிப் பக்கம் கடலோரத்தில் எங்கள் வீடு. அம்மாவுக்கு மீன்குழம்பு என்றால் விறகடுப்பில்தான் வைக்கவேண்டும். சீமைக்கருவேல விறகுக்கும் இங்கே பஞ்சமில்லை. ஆனால் புகையில் அவர் கண் எரிந்து தண்ணீர் வடிவதைப் பார்க்க முடியாமல், இரும்பு அடுப்பும் புகைபோக்கியும் வைக்கலாம் என்று ஒருவரிடம் வேலையை ஒப்படைத்தேன். மொத்தம் 32,000 ரூபாய்.

அவர் சொன்னது: உப்புக் காற்றுக்காக 316 கிரேடு ஸ்டீல் உள்குழாய், சுற்றிலும் ஓர் அங்குலம் சூடு தாங்கும் செராமிக் கம்பளி, அதற்கு மேல் வெளிக்குழாய். கண்ணில் படும் அடித்துண்டில் காந்தத்தை வைத்துக் காட்டினார், ஒட்டவில்லை. ஒட்டாவிட்டால் 316-தான் என்று நம்பிவிட்டேன். 202 கிரேடு மலிவு ஸ்டீலிலும் காந்தம் ஒட்டாது என்று பிறகுதான் தெரிந்தது. 316 உப்பைத் தாங்குவது அதிலுள்ள 2 முதல் 3 சதவீத மாலிப்டினத்தால். அது இருக்கிறதா என்று காந்தம் சொல்லாது.

பற்றவைத்த முதல் நாளே பிளாஸ்டிக் கருகுகிற வாசம். "புது பெயின்ட் வாசம் தம்பி, ரெண்டு நாள்ல போயிரும்" என்றார். போகவில்லை. ஐப்பசி மழையில் விறகு ஈரமானதும் புகை அடுப்புவாய் வழியாகத் திரும்பி வீட்டுக்குள் வந்தது. ஒருநாள் ராத்திரி அம்மா எழுப்பினார்: "ஏப்பா, ஓட்டுக்குக் கீழே ஏதோ கருகுது." ஏணி வைத்து ஏறிக் குழாய்க்குப் பக்கத்தில் ஓட்டைத் தாங்கும் பனங்கையை (பனைமரச் சட்டத்தை) தொட்டேன், கை சுட்டுவிட்டது. விரலால் தட்டியதும் கரி கரியாக உதிர்ந்தது. குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினோம். இன்னும் ஒரு மணி நேரம் தூங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

விடிந்ததும் குழாயைப் பிரித்தோம். அடித்துண்டுக்கு மேலே முழுக்க மெல்லிய ஜிஐ தகடு, அதாவது துத்தநாகம் பூசிய சாதா இரும்புத் தகடு. கம்பளி இருக்கவேண்டிய இடத்தில் கறுத்துச் சுருங்கிய தெர்மாகோல் உருண்டைகளும் கிழிந்த சிமெண்ட் சாக்கும். சாக்கின் எழுத்துகள் பாதி அப்படியே இருந்தன. குழாயின் உள்பக்கம் தார் போலக் கீல் அப்பியிருந்தது.

கம்பளி எதற்கு என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வெளியே மரத்துக்குச் சூடு போகாமல் காப்பது ஒரு வேலை. குழாய்க்குள் போகும் புகையின் சூடு குறையாமல் காப்பது இன்னொரு வேலை. சூடாக இருந்தால்தான் புகை விறுவிறுவென்று மேலே ஏறும். குழாய் ஆறிப்போனால் புகையில் உள்ள ஆவி சுவரில் கீலாகப் படியும். அந்தக் கீல் தீப்பிடித்தால் குழாய்க்குள் சூடு 1,000 டிகிரியைக்கூடத் தாண்டலாம். செராமிக் கம்பளி 1,260 டிகிரி வரை தாங்கும் என்று மதிப்பிட்டு விற்கிறார்கள். தெர்மாகோல் 100 டிகிரியிலேயே இளகிவிடும். கம்பளியில்லாத ஒற்றைக் குழாயை மரம் உள்ள கூரைக்குள் கொண்டுபோகவே கூடாது.

போனில் கேட்டேன். "அண்ணே, செராமிக் கம்பளின்னு சொன்னீங்களே?"

"கிடைக்கல தம்பி. தெர்மாகோலும் சூடு தாங்கும். மீன் பெட்டியில ஐஸ் உருகாம வைக்கிறாங்கல்ல?"

ஐஸ் பெட்டியையும் அடுப்பையும் ஒன்றாகப் பேசுகிறவரிடம் என்ன சொல்வது? அப்புறம் அவர் போனை எடுக்கவே இல்லை.

நான் செய்த தப்பு, பில்லில் "புகைபோக்கி வேலை" என்று மட்டும் எழுதியதற்குச் சம்மதித்தது. கிரேடு, தகட்டின் கனம், கம்பளியின் பெயர் எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். வெளிக்குழாயை மூடுவதற்கு முன்னால் ஒவ்வொரு துண்டையும் போட்டோ எடுத்து வையுங்கள். கம்பளி வெள்ளையாக, பஞ்சு போல இருக்கும். ஒரு துண்டைப் பிய்த்துத் தீயில் காட்டினால் எரியாது.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் போகவேண்டும். கருகிய பனங்கையை அறுத்தெடுத்து, அந்தத் தெர்மாகோல் உருண்டைகளோடு சாக்கில் கட்டி வைத்திருக்கிறேன். அம்மா இப்போது முற்றத்தில் மூன்று கல்லை வைத்துச் சமைக்கிறார்.