ஒன்பது பத்தாண்டுகள், ஒன்பது பாட்டு: ஒரு கடலூர்க்காரனின் வரிசை

ஒரு மிக்ஸியைப் பத்து வருடம் ஓட்டிவிட்டு, அது எப்படி உழைத்தது என்று எழுதுவார்கள். பாட்டையும் அப்படி எழுதலாம் என்று எனக்கு ரொம்ப நாளாக எண்ணம். புதுப் பாட்டு வந்த வாரத்தில் சொல்கிற அபிப்பிராயத்துக்கு மதிப்புக் குறைவு. நல்ல நாளிலும் கெட்ட நாளிலும் புழங்கிய பிறகு மிச்சம் என்ன என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

விதி ஒன்றுதான்: பத்தாண்டுக்கு ஒரே பாட்டு. 1940-களிலிருந்து 2020-கள் வரை மொத்தம் ஒன்பது. எங்கள் வீட்டில் வால்வு ரேடியோ போய் டிரான்சிஸ்டர் வந்தது. அப்புறம் டேப் ரெக்கார்டர், சி.டி., பென் டிரைவ், இப்போது கைப்பேசி. கருவி மாறினபோதெல்லாம் விடாமல் கூட வந்ததும், ஒவ்வொரு கருவியிலும் புதிதாக ஏதாவது காட்டியதும் எந்தப் பாட்டோ அதற்கு மேல் இடம். கடைசி இடத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

ஒன்பதாவது, 'ஒன்னோட நடந்தா'. 2023-இல் வந்த 'விடுதலை' முதல் பாகத்தில் தனுஷும் அனன்யா பட்டும் பாடியது. 1976-இல் 'அன்னக்கிளி'யில் ஆரம்பித்த இளையராஜா 47 வருடம் கழித்தும் இப்படி ஒரு மெட்டுப் போடுகிறார் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். கைப்பேசியின் சின்ன ஸ்பீக்கரில் இதைக் கேட்டு எடை போடாதீர்கள்; அடியில் ஓடும் பேஸ் காணாமல் போய்விடும். இயர்போனில் கேளுங்கள். கடைசி இடம் கொடுத்ததற்குக் காரணம், புழக்கத்துக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது, அவ்வளவுதான்.

எட்டாவது, 'காற்றினிலே வரும் கீதம்'. 1945-இல் வந்த 'மீரா', எம்.எஸ். சுப்புலட்சுமி, எழுதியது கல்கி, இசை எஸ்.வி. வெங்கட்ராமன். அம்மா அரிசி களையும்போது முணுமுணுக்கிற பாட்டு இது. அந்தக் காலத்து 78 வேக இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம், கொஞ்சம் முன்பின் அவ்வளவுதான் இடம். அதற்குள் ஒரு உலகத்தையே காட்டிவிட்டு நிறுத்துகிறார்கள். அனுபவத்தில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன்: இந்த மாதிரிப் பழைய ஒலிப்பதிவுகள் சின்ன ரேடியோப் பெட்டியில்தான் உயிரோடு இருக்கின்றன. பேஸை ஏற்றிவிட்டு முழங்கும் புளூடூத் பெட்டியில் எம்.எஸ். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது.

ஏழாவது, 'தங்கமீன்கள்' படத்தின் 'ஆனந்த யாழை' (2013). யுவன் சங்கர் ராஜா இசை, ஸ்ரீராம் பார்த்தசாரதி குரல். எழுதிய நா. முத்துக்குமாருக்கு இதற்காகத் தேசிய விருது கிடைத்தது. அடுத்த வருடமே 'சைவம்' படத்து 'அழகே அழகே' பாட்டுக்கு இன்னொன்று. 2016-இல் 41 வயதில் போய்விட்டார். பெண் பிள்ளை பெற்ற அப்பன்களுக்கு இந்தப் பாட்டைப் பற்றி நான் எதுவும் சொல்லத் தேவையில்லை. என் மகள் வேலைக்காகப் புதுச்சேரியில் தங்கியிருக்கிறாள். வீட்டுக்கு வந்தால் "அப்பா, அதை மட்டும் போடாதீங்க, ஊருக்குத் திரும்பிப் போக மனசு வராது" என்பாள்.

ஆறாவது இடத்துப் பாட்டைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். 'ஒவ்வொரு பூக்களுமே', 2004-இல் வந்த 'ஆட்டோகிராப்', பரத்வாஜ் இசை. சித்ராவுக்கும் எழுதிய பா. விஜய்க்கும் தேசிய விருது வாங்கிக் கொடுத்தது. படம் வந்தபோது இது மேடையில் பரிசளிப்பு விழாவுக்குப் போடுகிற பாட்டு என்றுதான் எனக்குத் தோன்றியது. அந்த வருடம் முடிவதற்குள், டிசம்பர் 26 காலையில், கடல் ஊருக்குள் வந்தது. தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம், சிங்காரத்தோப்பு என்று பேர் பேராகச் சொல்லி அழுத நாள் அது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள்.

மண்டபத்தில் தங்கவைத்திருந்தவர்களுக்குச் சாப்பாடு பரிமாறப் போயிருந்தோம். ஒரு பையன் எங்கிருந்தோ ஒரு டேப் ரெக்கார்டர் கொண்டுவந்து ஓரமாக வைத்து இதைப் போட்டான். இந்த நேரத்தில் பாட்டா என்று ஒருவர் அதட்டப் போனார். சுவரில் சாய்ந்திருந்த ஒரு ஆயா, "இருக்கட்டும் தம்பி, அது பாட்டுக்குப் பாடட்டும்" என்றார். பாட்டு முடிந்ததும் அவரே, "இன்னொரு வாட்டி போடு ராசா" என்றார். படத்தில் பார்வையற்றவர்களின் இசைக்குழுவோடு சேர்ந்து பாடுகிற பாட்டு அது. அதன் வரிகளுக்கு என்ன பாரம் தூக்கத் தெரியும் என்பது எனக்கு அந்த மண்டபத்தில்தான் தெரிந்தது. இசை நுணுக்கமாகப் பார்த்தால் இதைவிட நல்ல மெட்டுகள் அந்தப் பத்தாண்டில் இருக்கின்றன. 'உருகுதே மருகுதே' இருக்கிறது, 'கண்கள் இரண்டால்' இருக்கிறது. ஆனால் என் வரிசையில் 2000-களுக்கு வேறு பாட்டு வைக்க எனக்கு மனம் ஒப்பாது.

ஐந்தாவது, 'செந்தாழம் பூவில்'. 'முள்ளும் மலரும்', 1978. கண்ணதாசன் வரி, ஜேசுதாஸ் குரல். மலைப் பாதையில் ஜீப் ஓட்டிக்கொண்டு பாடுகிற பாட்டு. எனக்கு இது கடலூர்–புதுச்சேரிப் பேருந்தின் பாட்டு. ஆல்பேட்டையில் பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி முள்ளோடை, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் என்று தனியார் பேருந்து பறக்கும்போது ஓட்டுநர் இதைப் போடுவார். ஜன்னல் காற்றும் எஞ்சின் சத்தமும் சேர்ந்தும் இந்தப் பாட்டை ஒன்றும் செய்ய முடியாது. எத்தனையோ நல்ல பாட்டுகள் பேருந்துச் சத்தத்தில் செத்துப் போவதைப் பார்த்திருக்கிறேன். இன்னொரு விஷயம்: தாழை, சங்கப் பாட்டிலேயே நெய்தல் நிலத்துப் பூ. எங்கள் கடலோரத்துப் பூ மலைக்காற்றில் வாசம் வீசுவது எனக்குத் தனிப் பெருமை.

நான்காவது, 1950-களின் 'துன்பம் நேர்கையில்'. 1951-இல் வந்த 'ஓர் இரவு', அண்ணா கதை. எம்.எஸ். ராஜேஸ்வரியும் வி.ஜே. வர்மாவும் பாடியது. பாட்டு புதுச்சேரிக்காரருடையது: பாரதிதாசன். அதற்கு தேஷ் ராகத்தில் மெட்டமைத்தவர் தண்டபாணி தேசிகர். புதுச்சேரியில் பெருமாள் கோயில் தெருவில் பாவேந்தர் வாழ்ந்த வீடு இப்போது நினைவு அருங்காட்சியகமாக இருக்கிறது. மகளைப் பார்க்கப் போகிறபோது அந்தத் தெரு வழியாக நடந்தால் இந்தப் பல்லவி தானாக வாய்க்கு வந்துவிடும். உள்ளம் சோர்ந்த நேரத்தில் யாழ் எடுத்து வாசிக்க மாட்டாயா என்று கேட்கிற பாட்டு. கச்சேரி மேடைகளில் எத்தனை பேர் பாடியும் தேயாமல் இருக்கிறது. திரைப்பாட்டு, தமிழிசைப் பாட்டு, வீட்டுத் தாலாட்டு மூன்றுக்கும் ஒரே மெட்டு பொருந்துவது அபூர்வம்.

மூன்றாவது இடத்துக்கு எனக்குள் பெரிய போட்டி நடந்தது. 60-களில் இருந்து ஒன்றை எடு என்றால் யாருக்குமே அப்படித்தான். பெரியப்பா வீட்டில் ராத்திரியானால் இலங்கை வானொலி. மத்திய அலையில் கடல் தாண்டி அவ்வளவு துல்லியமாக வரும். காலையில் 'பொங்கும் பூம்புனல்', ராத்திரி 'இரவின் மடியில்'. பி.பி. ஸ்ரீநிவாஸின் 'மயக்கமா கலக்கமா', 'நெஞ்சம் மறப்பதில்லை' எல்லாம் எனக்கு அந்தப் பெட்டி கொடுத்த சொத்து. ஆனால் வரிசையில் வைப்பது 'நாளை இந்த வேளை பார்த்து ஓடி வா நிலா'. 'உயர்ந்த மனிதன்', 1968. வாலி வரி, எம்.எஸ். விஸ்வநாதன் இசை. பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது முதன்முதலில் கொடுக்கப்பட்டதே இந்தப் பாட்டுக்காக, பி. சுசீலாவுக்கு.

அதை மூன்றாவதாக ஏற்றியது 'தானே' என்ற புயல். 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தது. மின்கம்பம் ஒன்றுகூட நேராக நிற்கவில்லை. பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. எங்கள் தெருவுக்கு வெகுநாள் கரண்ட் இல்லை. பரணில் கிடந்த பழைய டிரான்சிஸ்டரை எடுத்துத் துடைத்து, புது பேட்டரிக் கட்டை போட்டு வாசலில் வைத்தேன். புயலுக்கு அடுத்த வாரத்தில் நிலா வளர்ந்துகொண்டே வந்தது. ஜனவரி 9 பௌர்ணமி. ஊரே இருட்டாக இருக்கிறபோது நிலா வெளிச்சம் எவ்வளவு என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்த நாட்களில் ஒரு ராத்திரி ரேடியோவில் இந்தப் பாட்டு வந்தது. திண்ணையில் பேசிக்கொண்டிருந்த அக்கம்பக்கத்து ஆட்கள் அப்படியே நிறுத்திவிட்டார்கள். அதிலிருந்து நான் இதை மாற்றி வைக்கவில்லை.

இரண்டாவது, 'பூங்கதவே தாழ் திறவாய்'. 'நிழல்கள்', 1980, கங்கை அமரன் வரி. தீபன் சக்ரவர்த்தியும் உமா ரமணனும். (தீபன், 'வாராய் நீ வாராய்' பாடிய திருச்சி லோகநாதனின் மகன். அந்தக் குழைவு எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியதில்லை.)

இந்தப் பாட்டு நான் கேட்டு வாங்கினது இல்லை. திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ரெக்கார்டிங் கடை இருந்தது. வெள்ளைத் தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தால் கேசட்டில் ஏற்றித் தருவார்கள். 60 நிமிட கேசட்டில் பக்கத்துக்கு ஆறு அல்லது ஏழு பாட்டு அடங்கும். கடைக்கார அண்ணன், "தம்பி, பி பக்கத்துல நாலஞ்சு நிமிஷம் காலியா இருக்கு, என்ன போடட்டும்?" என்றார். "நீங்களே பார்த்துப் போடுங்கண்ணே" என்றேன். அவர் போட்டது இது. எழுதிக் கொடுத்த மற்றப் பாட்டெல்லாம் எனக்கு மறந்தே போய்விட்டது.

கடல் காற்றில் டேப் ரெக்கார்டர் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், உப்பு எல்லாவற்றையும் தின்னும். பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து ஹெட்டைத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ரப்பர் உருளை பிசுபிசுத்தால் நாடாவைச் சுருட்டி உள்ளே இழுத்துவிடும். ஒருநாள் இழுத்தது, சரியாக இந்தப் பாட்டில் நாகசுரம் வருகிற இடத்தில். கசங்கின துண்டைப் பிளேடால் வெட்டிவிட்டு, இரண்டு முனையையும் செலோடேப் வைத்து ஒட்டினேன். அதிலிருந்து நாகசுரம் ஒரு மூச்சைத் தாவிக்கொண்டு போகும். அப்படியேதான் வருடக்கணக்கில் கேட்டேன். இன்றைக்குக் கைப்பேசியில் முழுதாக ஓடுகிறபோதும் அந்த இடம் வந்தால் காது தாவலுக்குத் தயாராகிவிடுகிறது. தாவாமல் அந்த மூச்சு முழுதாக வருகிற சுகத்தை எப்படிச் சொல்வது?

நீண்ட நாள் புழங்கியவன் என்ற முறையில் ஒரு வேண்டுகோள். ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதாகப் பங்கு போட்டு இந்தக் காலத்துப் பாட்டுகளைக் கேட்காதீர்கள். இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று என்று வாத்தியங்களைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பாதிப் பாட்டு பக்கத்து இருக்கைக்குப் போய்விடும். உமா ரமணன் 2024-இல் காலமானார். அன்றைக்கு வீட்டில் வேறு எதுவும் ஓடவில்லை.

முதலிடம், 'ராக்கம்மா கையத் தட்டு'.

'தளபதி', 1991. வாலி எழுத்து, எஸ்.பி. பாலசுப்ரமணியமும் ஸ்வர்ணலதாவும். 2002-இல் பி.பி.சி. உலக சேவை நடத்திய வாக்கெடுப்பில் உலகத்தின் முதல் பத்துப் பாட்டுகளில் நான்காவதாக வந்தது என்று எல்லோரும் சொல்வார்கள். அது பெருமைதான். எனக்குக் காரணம் வேறு.

ஆட்டமும் மேளமுமாக உச்சத்தில் ஓடிக்கொண்டிருக்கும் பாட்டில் தாளம் சட்டென்று அடங்கி, பெண் குரல்கள் தேவாரத்தைப் பிடிக்கும்: 'குனித்த புருவமும் கொவ்வைச்செவ் வாயில் குமிண் சிரிப்பும்'. அப்பர் வாக்கு, நான்காம் திருமுறை, தில்லைக் கூத்தனைப் பாடியது. அப்பர் பிறந்த திருவாமூர் பண்ருட்டிப் பக்கம். பல்லவ மன்னன் கல்லில் கட்டிக் கடலில் போட்டபோது அவர் மிதந்து கரை சேர்ந்தது எங்கள் திருப்பாதிரிப்புலியூர் என்பது வரலாறாகவே எங்களுக்குச் சொல்லப்பட்டது; கரையேறவிட்ட குப்பம் என்று ஊரே இருக்கிறது. பாடின தில்லையோ சிதம்பரம். மூன்றும் இன்றைய கடலூர் மாவட்டத்துக்குள் அடக்கம். 7-ஆம் நூற்றாண்டில் இந்த மண்ணில் பாடின ஒரு பாட்டு, 20-ஆம் நூற்றாண்டில் தெருக்கூட்டத்து ஆட்டத்துக்கு நடுவில் அப்படியே வந்து உட்கார்கிறது. துளி உறுத்தல் இல்லை. பாடலீசுவரர் கோயிலில் ஓதுவார் பாடிக் கேட்டிருக்கிறேன், ஆட்டோ ஸ்பீக்கரில் கேட்டிருக்கிறேன், கல்யாண வீட்டுக் குழாயில் கேட்டிருக்கிறேன். எங்கே கேட்டாலும் அந்த வரி வரும்போது பேச்சை நிறுத்திவிடுவேன்.

"முதலிடத்தை ஆட்டப்பாட்டுக்கா குடுப்பாங்க?" என்று என் மச்சான் கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். குறைந்த அளவில் சுருக்கின பழைய எம்.பி.3 கோப்பில் வேண்டாம். அதில் வயலின்கள் எல்லாம் ஒரே இரைச்சலாகிவிடும். நல்ல பதிவாகத் தேடி எடுங்கள். இரண்டு ஸ்பீக்கரும் சரியாக ஓடுகிற பெட்டியில் போடுங்கள். தேவாரம் முடிந்து தாளம் திரும்பப் பிடிக்கிற அந்த இடத்துக்குச் சத்தத்தைக் கூட்டி வையுங்கள்.