“வணக்கம் அண்ணா” என்றார், நம்பிவிட்டேன்: மொரிஷியஸில் ஒரு சைக்கிள் பயணம்

மொரிஷியஸில் சைக்கிள் வாடகைக்கு எடுத்துக்கொண்டு காடு, ஆற்றுப் பள்ளத்தாக்கு என்று கிளம்ப நினைப்பவர்கள், முக்கியமாக ஐடி நிறுவனங்கள் இருக்கும் எபென் பக்கம் வேலைக்கு வந்திருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள், முன்பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஆள் பெயரோ கடைப் பெயரோ எழுதவில்லை. எப்படி ஏமாந்தோம் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

போன ஜூன் மாதம் நடந்தது. இங்கே அது குளிர்காலம். நான், கூட வேலை பார்க்கும் தேனிக்காரர், விடுமுறைக்கு மதுரையிலிருந்து வந்திருந்த அவர் மைத்துனர், ஆக மூன்று பேர். வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் வந்தது. 2 நாள் பயணம், ஆளுக்கு 4,500 ரூபாய் (மொரிஷியஸ் ரூபாய்தான்). டிஸ்க் பிரேக் வைத்த சைக்கிள், ஹெல்மெட், பஞ்சர் சாமான், பின்னாலேயே வரும் வேன், ஆற்றங்கரைப் பக்கம் ஓர் இரவு தங்கல். இரண்டாம் நாள் தனியார் காட்டுப் பள்ளத்தாக்குக்குள் 12 கிலோமீட்டர் சவாரி.

போன் செய்தேன். எடுத்தவர் “வணக்கம் அண்ணா” என்றார். அதற்கு மேல் அவருக்குத் தமிழ் வரவில்லை, இங்கே எல்லோரும் பேசும் கிரியோலும் ஆங்கிலமும்தான். ஆனாலும் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவராம், தாத்தா காலத்துக் குடும்பமாம். நான் உருகிவிட்டேன். உரிமம் இருக்கிறதா என்று கேட்க வேண்டிய இடத்தில் எந்தக் கோவில் என்று கேட்டேன். சைக்கிளுக்கு ஆளுக்கு 3,000 ரூபாய் டெபாசிட் வேறு. மொத்தத்தையும் ஜூஸ் என்ற பணம் அனுப்பும் ஆப்பில் அனுப்பினோம். ரசீது வரவில்லை. கேட்டதற்கு “பேனா ப்ரோப்ளேம்” என்றார். கிரியோலில் “பேனா” என்றால் “இல்லை”. பிரச்சினை இல்லையாம். அடுத்த இரண்டு நாளில் அந்த வார்த்தையை எத்தனை முறை கேட்டேன் என்று கணக்கில்லை.

காலையில் கிராண்ட் பேசின் குளக்கரையில் சைக்கிள்களை இறக்கினார். பெரிய சிவன் சிலைக்கு முன்னால் எங்களை நிறுத்தி, ஹெல்மெட் போடச் சொல்லி, அவரே நாலைந்து படம் எடுத்தார். அந்த நேரத்தில் நான் சைக்கிளைப் படம் எடுத்திருக்க வேண்டும். டிஸ்க் பிரேக் அல்ல, ரிம்மைப் பிடிக்கும் சாதாரணக் கட்டை பிரேக். கேட்டால், டிஸ்க் எல்லாம் சர்வீஸில் இருக்கிறதாம், இதுவும் அதே மாதிரிதானாம். வேன்? “10 நிமிஷத்தில் பின்னாலேயே வரும்.”

ப்ளேன் ஷாம்பான் சாலை அழகு, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1994இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பிளாக் ரிவர் காடு சாலையின் இருபுறமும் நிற்கிறது. கார்ஜ் காட்சி மேடையில் நின்றால், ஆறு அறுத்துக்கொண்டு போன பள்ளத்தாக்கு கடல் வரை விரிந்து கிடக்கிறது. தார்ச்சாலை, வண்டிகள் நம் ஊர் மாதிரி இடப்பக்கம் போகும், பழகிய கால்களுக்கு மிதிக்கக் கஷ்டமில்லை.

அந்த மேடையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் மைத்துனரின் பின் டயர் பஞ்சர். பையைத் திறந்தோம். பம்பு இருந்தது. ஆனால் அது கார், பைக் டயரில் இருக்கும் தடித்த வால்வுக்கானது. டியூபில் இருந்ததோ பிரெஸ்டா, பென்சில் மாதிரி ஒல்லியான வால்வு. இரண்டும் சேராது. இடையில் போடும் சின்னப் பித்தளை மூடி ஒன்று இருந்தால் போதும், அது பையில் இல்லை. தேனிக்காரர் சின்ன வயதில் மணிக்கு 1 ரூபாய் வாடகை சைக்கிள் ஓட்டி வளர்ந்தவர். அரை மணி நேரம் விதவிதமாக முயன்று பார்த்துவிட்டு, “இது வேற ஜாதிப்பா” என்று கையைத் துடைத்துக்கொண்டார். வேன்காரருக்குப் போன். “10 நிமிஷம், பேனா ப்ரோப்ளேம்.” 1 மணி நேரம் ஆயிற்று. தூறலும் பிடித்துக்கொண்டது.

அந்தப் பருவத்தில் சீனக் கொய்யா என்று ஒன்று காய்க்கும். கோலிக்குண்டை விடக் கொஞ்சம் பெரிய சிவப்புப் பழம். வெளியிலிருந்து வந்து காட்டையே விழுங்கிக்கொண்டிருக்கும் செடிதான், ஆனால் பழம் பறிக்க ஊரே குடும்பத்தோடு வரும். அப்படி வந்த ஒரு குடும்பம்தான் எங்களைக் காப்பாற்றியது. உப்பும் மிளகாயும் தொட்டுக் கொய்யா கொடுத்தார்கள். அப்புறம் பஞ்சரான சைக்கிளையும் மைத்துனரையும் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு போய் ஷாமரேல் என்ற மலை ஊரில் இறக்கிவிட்டார்கள். காசு கொடுத்தோம், வாங்கவில்லை.

ஷாமரேலிலிருந்து காஸ் நுவாயால் என்ற கடலோர ஊர் வரை இறங்கும் சாலை இருக்கிறதே, அங்கேதான் உயிர் பயம் என்றால் என்னவென்று தெரிந்தது. செங்குத்து இறக்கம், கொண்டை ஊசி வளைவுகள், ஈரச் சாலை. ஈரமான ரிம்மில் கட்டை பிரேக் சட்டென்று பிடிக்காது, அது தெரியும். ஆனால் என் பின் பிரேக் லிவர் ஹேண்டில்பாரைத் தொடும் வரை அழுத்தியும் வண்டி நிற்கவில்லை. முன் பிரேக்கிலிருந்து இரும்பு தேய்கிற சத்தம். புல்மேட்டில் ஏற்றிக் காலை ஊன்றி நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தேன். ரப்பர் கட்டையில் இருக்க வேண்டிய பள்ளக் கோடுகள் ஒன்றுகூட இல்லை, உள்ளே இருக்கும் உலோகம் ரிம்மை உரசிக்கொண்டிருந்தது. எதிரே ஒரு பஸ் வளைவை முழுசாக அடைத்துக்கொண்டு ஏறி வந்தது. அரை நிமிடம் முன்னால் நான் அந்த வளைவில் இருந்திருந்தால்... சரி, விடுங்கள். மீதி இறக்கம் முழுவதும் தள்ளிக்கொண்டே இறங்கினோம். ஜூனில் 6 மணிக்கெல்லாம் இருட்டிவிடும். சைக்கிளில் விளக்கு இல்லை. செல்போன் வெளிச்சத்தில் போய்ச் சேர்ந்தோம்.

தங்குமிடம் சுமார், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மறுநாள் காலை வேறு சைக்கிள்களோடு வேன் வந்தது. எங்கள் ஆள் மன்னிப்பெல்லாம் கேட்டார். நாங்களும் சமாதானம் ஆகிவிட்டோம், அதுதான் எங்கள் இரண்டாவது முட்டாள்தனம்.

அந்த “தனியார் காட்டுப் பள்ளத்தாக்கு” ஒரு ஷஸ்ஸே, அதாவது மான் வேட்டைக்கென்று வேலி போட்டு வைத்திருக்கும் நிலம். 1639இல் டச்சுக்காரர்கள் ஜாவாவிலிருந்து கொண்டுவந்த மான்கள் இன்றும் அப்படிப்பட்ட காடுகளில் திரிகின்றன. இந்தத் தீவில் காடும் ஆற்றங்கரையும் பெரிய அளவில் தனியார் கையில் இருக்கின்றன. முன் அனுமதி இல்லாமல் நுழைய முடியாது, அதுவும் ஜூன் வேட்டைக் காலம். கேட்டில் இருந்த காவலாளிப் பெரியவருக்கு எங்கள் ஆளையே தெரியவில்லை. “பிரிவே” (பிரெஞ்சில் தனியார் இடம்) என்று பலகையைக் காட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார். 12 கிலோமீட்டர் காட்டுச் சவாரிக்குப் பதிலாகக் கரும்புக் காட்டு ஓரமாக ஒரு மணி நேரம் ஓட்டினோம்.

கடைசியில் டெபாசிட். முதல் நாள் ஓட்டிய சைக்கிள்களில் இரண்டின் பின் கியரைத் தாங்கும் ஹேங்கர் வளைந்துவிட்டது என்று 6,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டார். ஹேங்கர் என்பது அடிபட்டால் ஃபிரேமுக்குப் பதிலாகத் தான் வளைய வேண்டும் என்றே செய்யப்பட்ட சின்ன அலுமினியத் துண்டு. இணையத்தில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. பிக்கப்பில் ஏற்றிய ஒரு சைக்கிள் அதில் வளைந்ததோ என்று எனக்கே ஒரு சந்தேகம் உண்டு. அப்படியே வைத்துக்கொண்டாலும் இன்னொன்று எப்படி வளைந்தது? முன்பே வளைந்திருந்தது என்று காட்ட என்னிடம் ஒரு படமும் இல்லை.

அலுவலகத்தில் சொன்னபோது, இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர் ஒருவர் கேட்டது ஒரே கேள்வி: “டூரிசம் அத்தாரிட்டி உரிம எண் வாங்கினாயா?” டூர் நடத்துபவர் அதை வைத்திருக்க வேண்டும். நான் கேட்கவே இல்லையே. நீங்கள் கேளுங்கள். தனியார் நிலத்துக்குள் போவதாகச் சொன்னால், அந்த எஸ்டேட்டுக்கு நீங்களே ஒரு போன் போடுங்கள். சைக்கிளைக் கையில் வாங்கியதும் பிரேக் கட்டை, டயர், பின் கியர் மூன்றையும் கிட்டத்தில் படம் எடுத்து, அங்கேயே அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். பையில் இருக்கும் பம்பை வால்வில் மாட்டி ஒரு தடவை அடித்துப் பாருங்கள்.

போன வாரம் அதே விளம்பரம் மறுபடியும் எனக்கு வந்தது. புது எண், புதுப் பெயர். படம் மட்டும் எங்களுடையது, கிராண்ட் பேசினில் அவர் எடுத்தது. சிலைக்கு முன்னால் மூன்று பேர், மூன்று சைக்கிள். நடுவில் பச்சை ஹெல்மெட்டோடு பல் தெரியச் சிரிப்பவன் நான்தான். அந்தப் படம் உங்களுக்கு வந்தால் பணம் அனுப்பாதீர்கள்.